கட்டிகள் வரை போய்விட்ட கௌட்: அறுக்க வேண்டுமா, கரைக்க முடியுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அப்பாவுக்கு 58 வயது. கால் கட்டைவிரலில் கௌட்டின் முதல் தாக்குதல் வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது முழங்கையிலும் கை விரல்களிலும் கட்டிகள். போன மாதம் நடுவிரல் கட்டி உடைந்து, சுண்ணாம்பு போல ஏதோ வெள்ளையாகக் கசிந்துகொண்டிருக்கிறது. மூன்று ஆண்டுகளாக, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால் 100 மில்லிகிராம் மாத்திரை; வலி வந்தால் அதை நிறுத்திவிட்டு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். கடைசிப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 8.2, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.8. ரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை உண்டு. இறைச்சி, மீன், பயறு எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கட்டிகளை அறுவை சிகிச்சையில் எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாகப் படுகிறது: காலம் கடந்துவிட்டதா, இனிக் கத்தி ஒன்றுதான் வழியா?

கடந்துவிடவில்லை. மூட்டுநோய்ப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன் என்ற முறையில் இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை மருந்திலேயே கரையும். அரிக்கப்பட்ட எலும்பும் தேய்ந்த குருத்தெலும்பும் மட்டும் பழையபடி ஆகாது. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, விரலைத் தொட்டுப் பார்த்ததில்லை, எக்ஸ்ரேயும் என் கையில் இல்லை. ஆகவே நான் எழுதுவதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாமல், மருத்துவரிடம் போய் உட்காரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகப் படியுங்கள்.

ஒரு சொல் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். யூரிக் அமிலம் மூட்டுகளில் படிகமாகப் படிந்து வலி தரும் இந்த நோயைக் கீல்வாதம் என்றும் சொல்வதுண்டு. ஆனால் மூட்டில் எந்த வலி வந்தாலும் அதையும் கீல்வாதம் என்றே சொல்கிறோம். பெயர் ஒன்றாக இருப்பதால் சிகிச்சையும் ஒன்று என்று நினைத்து, வேறொருவருக்குக் கொடுத்த மாத்திரையை வாங்கி விழுங்குபவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் இங்கே கௌட் என்றே எழுதுகிறேன்.

நம் செல்களில் இருக்கும் பியூரின் என்ற பொருள் சிதையும்போது கடைசியில் மிஞ்சுவது யூரிக் அமிலம். பெரும்பாலான பாலூட்டிகளிடம் யூரிக்கேஸ் என்ற நொதி இருக்கிறது. அது யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். மனிதர்களிடமும் மனிதக் குரங்குகளிடமும் அந்த நொதிக்கான மரபணு பரிணாமத்தின் போக்கில் பழுதாகிவிட்டது. ஆகவே வெளியேற்றும் சுமை முழுவதும் சிறுநீரகத்தின் மீதும் குடலின் மீதும் விழுகிறது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தின் வழியே போகிறது. கௌட் வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையான சிக்கல், உடல் இதை அதிகமாக உண்டாக்குவதில் இல்லை. சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாததில் இருக்கிறது. இதில் மரபணுக்களின் பங்கு பெரியது. உங்கள் அப்பா சாப்பாட்டுத் தட்டில் கட்டுப்பாடு இல்லாமல் இதை வரவழைத்துக்கொண்டார் என்று வீட்டில் யாராவது சொல்லிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள்.

உடல் வெப்பநிலையில் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் வரைதான் யூரேட் (யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம்) கரைந்திருக்க முடியும். அதற்கு மேல் போனால், உப்பைக் கொட்டிக்கொண்டே போன தண்ணீரில் அடியில் உப்பு தங்குவது போல, ஊசி ஊசியான படிகங்களாகப் படியத் தொடங்கும். குளிர்ச்சியான இடத்தில் கரையும் திறன் இன்னும் குறையும். கால் கட்டைவிரல், காது மடல், கை விரல் நுனி என்று உடலின் ஓரங்களில் இது முதலில் தலைகாட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இந்த 6.8 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி நான் சொல்வதெல்லாம் அதைச் சுற்றியேதான் வரும்.

உடைந்த விரலிலிருந்து வருவது என்ன? அது சீழ் இல்லை. பல ஆண்டுகளாகப் படிந்த படிகங்களும், அவற்றைச் சூழ்ந்து நின்ற நோய் எதிர்ப்புச் செல்களும், நாரிழையும் சேர்ந்த பொருள் அது. மருத்துவத்தில் டோஃபஸ் என்பார்கள்; லத்தீனில் ஒரு வகைத் துளைப் பாறைக்கு உரிய பெயர். 1679-இலேயே டச்சு ஆய்வாளர் லேவன்ஹூக் தன் நுண்ணோக்கியில் இதை வைத்துப் பார்த்துக் குச்சி குச்சியாக இருப்பதைக் குறித்திருக்கிறார், அது யூரேட் என்று யாருக்கும் தெரியாத காலத்தில். நான் பயிற்சியில் இருந்தபோது முழங்கைக் கட்டி ஒன்றில் ஊசி செலுத்தியது இன்னும் கையில் நினைவிருக்கிறது. ஊசி நுனி நறநறவென்று ஈர மணலில் இறங்குவது போல இறங்கியது. சிரிஞ்சுக்குள் ஏறியது பற்பசை போல ஒரு வெண்மை. அதில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, முனைவாக்கப்பட்ட ஒளியில் பார்த்தால், ஒரு திசையில் கிடக்கும் ஊசிகள் மஞ்சளாகவும் அதற்குக் குறுக்கே கிடப்பவை நீலமாகவும் மின்னும். கௌட் என்று ஐயமில்லாமல் உறுதி செய்யும் சோதனை இன்றைக்கும் அதுதான். 1961-இல் மூட்டு நீரில் இந்தப் படிகங்களைக் காட்டியதிலிருந்து அதற்கு நிகராக இன்னொன்று வரவில்லை. உங்கள் அப்பாவின் விரலிலிருந்து கசிவதை யாரும் இதுவரை ஆய்வகத்துக்கு அனுப்பவில்லை என்றால் அனுப்பச் சொல்லுங்கள். ஊசி கூடக் குத்த வேண்டாம், மாதிரி தானாகவே வெளியே வந்து நிற்கிறது.

அந்த விரலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வெளியே வருவது சுண்ணாம்பு என்பதால் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. திறந்த புண் வழியே கிருமி உள்ளே போகலாம். படிகமும் கிருமியும் ஒரே மூட்டில் சேர்ந்து இருப்பதும் உண்டு. படிகம் தெரிந்துவிட்டதே என்று கிருமியைத் தேடாமல் விட்டு மூட்டையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கம், விரலிலிருந்து கைக்குப் பரவும் சிவப்பு, நாற்றம், நிறம் மாறிய கசிவு, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் உப்புநீர்க் கரைசலால் கழுவி, சுத்தமான கட்டுப் போட்டு, உலராமலும் ஊறாமலும் பார்த்துக்கொண்டால் போதும். பிதுக்கி எடுக்காதீர்கள். வெள்ளையாக வருவதைப் பார்த்தால் முழுவதையும் வெளியேற்றிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அதனால் புண் பெரிதாகுமே தவிரக் கட்டி தீராது.

இனி மருந்து. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, '100 மில்லிகிராம், மூன்று ஆண்டுகள்' என்பது. 100 என்பது அல்லோபியூரினாலைத் தொடங்கும் அளவு. அங்கிருந்து ரத்தத்தில் யூரிக் அமிலத்தைப் பார்த்துப் பார்த்து உயர்த்திக்கொண்டு போக வேண்டும். அமெரிக்காவில் 800 வரையும் ஐரோப்பாவில் 900 வரையும் அனுமதி இருக்கிறது. பலருக்கு 300-க்கு மேல் தேவைப்படுகிறது. தொடக்கப் படியிலேயே ஒருவரை மூன்று ஆண்டுகள் நிற்கவைத்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. இது உங்கள் அப்பாவின் தவறு மட்டும் என்றும் நான் நினைக்கவில்லை. தாக்குதல் வந்தால் வலிக்கு மருந்து கொடுத்து அனுப்புவதும், அடுத்த தாக்குதல் வரை யாரும் யூரிக் அமிலத்தின் எண்ணைப் பார்க்காமல் இருப்பதும் எங்கள் தொழிலின் பழைய கெட்ட பழக்கம். நானும் அதைச் செய்திருக்கிறேன்.

அந்தப் பழக்கத்துக்கு 2018-இல் ஒரு நல்ல சாட்டையடி விழுந்தது. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 517 கௌட் நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நோயை விளக்கி, எண்ணைப் பார்த்து, மருந்தை உயர்த்தினார்கள். மற்றப் பிரிவுக்கு வழக்கமான மருத்துவக் கவனிப்பு. இரண்டு ஆண்டுகள் கழித்துச் செவிலியர் பிரிவில் 95 விழுக்காட்டினர் இலக்கைத் தொட்டிருந்தார்கள், மற்றதில் 30. புது மருந்து எதுவும் இல்லை, பெரும்பாலும் அதே அல்லோபியூரினால்தான். ஆனால் சராசரி அளவு ஏறத்தாழ இரு மடங்கு. கட்டிகளும் அந்தப் பிரிவில் குறைந்தன.

இலக்கு எது? கௌட் உள்ள எவருக்கும் 6-க்குக் கீழ். கட்டிகள் உள்ளவர்களுக்கு 5-க்குக் கீழ் என்று ஐரோப்பிய வழிகாட்டி சொல்கிறது. 6.8-இல் படிவது நிற்கும், ஆனால் ஏற்கெனவே படிந்தது கரைய வேண்டுமானால் ரத்தம் அதைவிட நன்றாக 'நீர்த்து' இருக்க வேண்டும். எவ்வளவு தாழ்வாக வைத்திருக்கிறோமோ அவ்வளவு வேகமாகக் கட்டி கரையும். உங்கள் அப்பாவின் ஆய்வக அறிக்கையில் 7-க்குச் சற்று மேல் வரை இயல்பு என்று அச்சிட்டிருக்கலாம். அது மக்கள் கூட்டத்தின் அளவை வைத்துப் போட்ட வரம்பு, அவருடைய இலக்கு அன்று. இன்னொன்று: கடும் தாக்குதலின் நடுவே எடுக்கும் ரத்தத்தில் எண் தற்காலிகமாகக் குறைந்து காட்டும். அப்போது 'யூரிக் அமிலம் இயல்பாகத்தானே இருக்கிறது, கௌட் இல்லை' என்று சொல்லிவிடுகிறார்கள். தாக்குதல் அடங்கி இரண்டு மூன்று வாரங்கள் கழித்து எடுப்பதையே நம்புங்கள்.

வலி வந்ததும் அவர் மாத்திரையை நிறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அல்லோபியூரினாலைத் தொடங்கினாலோ உயர்த்தினாலோ முதல் சில மாதங்களில் தாக்குதல்கள் கூடும். படிகங்கள் கரையத் தொடங்கும்போது மேற்பரப்பிலிருந்து பெயர்ந்து மூட்டுக்குள் உதிர்கின்றன. வெள்ளை அணுக்கள் அவற்றை விழுங்கி, இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் பொருளைக் கொட்டுகின்றன. மூட்டு தீப்பற்றியது போல ஆகிறது. நோயாளியின் கண்ணுக்கு இது 'மாத்திரை போட்டேன், வலி வந்தது' என்றுதான் தெரியும். உடனே நிறுத்துகிறார், எண் ஏறுகிறது, மறுபடி படிகிறது, மறுபடி தொடங்குகிறார், மறுபடி உதிர்கிறது. மூன்று ஆண்டுகளாக உங்கள் வீட்டில் இதுதான் நடந்திருக்கிறது என்று கிட்டத்தட்டப் பந்தயமே கட்டுவேன். தாக்குதலின்போது அல்லோபியூரினாலை நிறுத்தக் கூடாது. அதைத் தொடர்ந்துகொண்டே தாக்குதலுக்குத் தனியாக மருந்து கொடுக்க வேண்டும். அதோடு, முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு, கட்டிகள் உள்ளவர்களுக்கு அதற்கும் மேலே, குறைந்த அளவில் கால்ச்சிசின் போன்ற, தாக்குதலைத் தடுக்கும் ஒரு காப்பு மருந்தும் கூடவே இருக்க வேண்டும். இந்தக் காப்பு கொடுக்கப்படாததால்தான் பலர் அல்லோபியூரினாலை வெறுக்கிறார்கள்.

கிரியேட்டினின் 1.8 என்று எழுதியிருக்கிறீர்கள். 58 வயது ஆணுக்கு இது சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டரை ஒட்டியோ சற்றுக் கீழேயோ இருக்கிறது என்று பொருள். இங்கே இரண்டு எதிரெதிரான தவறுகள் நடக்கின்றன. ஒன்று, சிறுநீரகம் பழுது என்பதால் அல்லோபியூரினாலை உயர்த்தவே கூடாது என்பது. 1984-இல் வெளிவந்த ஓர் அளவு அட்டவணையிலிருந்து இந்த எண்ணம் பரவியது. பிறகு வந்த ஆய்வுகள், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏறினால் சிறுநீரக நோயாளிகளுக்கும் 300-க்கு மேல் கொடுக்கலாம் என்று காட்டியிருக்கின்றன. அவருக்கு 50 மில்லிகிராமில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒரு முறை 50 கூட்டி, ஒவ்வொரு படியிலும் யூரிக் அமிலம், கிரியேட்டினின், கல்லீரல் நொதிகள், ரத்த அணுக்கள் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு போகும் மருத்துவர் இருந்தால், அவரை விட்டுவிடாதீர்கள். இரண்டாவது தவறு இன்னும் ஆபத்தானது: அதே சிறுநீரகத்தோடு டைக்ளோஃபெனாக்கைத் தொடர்வது. அந்த வகை வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். கௌட்டால் பாதிக்கப்பட்டு வந்தவர்களில் டயாலிசிஸ் வரை போன சிலரைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால் ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரைகள் இருக்கும். இன்றைக்கே நிறுத்த வேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

அப்படியானால் தாக்குதலின்போது என்ன கொடுப்பது? அவருடைய நிலையில் ஐந்து நாட்களுக்கு 30 மில்லிகிராம் அளவில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு பலருக்கு நன்றாகவே வேலை செய்யும். சர்க்கரை நோய் இருந்தால் சர்க்கரையைக் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு பெரிய மூட்டு என்றால் அந்த மூட்டிலேயே ஸ்டீராய்டு ஊசி போடலாம், கிருமி இல்லை என்று உறுதியான பிறகு. கால்ச்சிசினைப் பழைய நாளில் வயிற்றுப்போக்கு வரும் வரை மணிக்கொரு தரம் கொடுத்தார்கள். 2010-இல் வந்த ஆய்வு ஒன்று, முதலில் 1.2 மில்லிகிராம், ஒரு மணி நேரம் கழித்து 0.6, அத்துடன் நிறுத்தினாலே பெரிய அளவுக்கு நிகரான பலன் கிடைக்கிறது, வயிற்றுப்போக்கு வெகுவாகக் குறைகிறது என்று காட்டியது. ஆனால் சிறுநீரகம் குறைந்தவருக்குக் கால்ச்சிசின் உடலில் தேங்கும். அளவை மருத்துவர்தான் குறிக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து நேர்ந்திருக்கிறது. கொழுப்புக்கு ஸ்டாட்டின் சாப்பிடுபவராக இருந்தால் தசை வலுக்குறைவு தெரிகிறதா என்று கவனிக்க வேண்டும்.

அல்லோபியூரினாலின் அபாயத்தையும் மறைக்கப் போவதில்லை. மிகச் சிலருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில், தோல் முழுவதும் கொப்புளித்து உரியும் கடுமையான எதிர்வினை வரும், உயிரைப் பறிக்கக்கூடியது. பெரும்பாலும் அது முதலில் ஒரு தடிப்பாகவோ அரிப்பாகவோ தொடங்கும். ஆகவே தடிப்பு வந்தால் மாத்திரையை அந்த வேளையிலேயே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி வந்தால் நிறுத்தக் கூடாது, தடிப்பு வந்தால் ஒரு வேளை கூடத் தாமதிக்கக் கூடாது; வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கட்டும். எச்.எல்.ஏ.-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து மிக அதிகம். ஹான் சீனர், கொரியர், தாய்லாந்து மக்கள், ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆகியோருக்கு முன்கூட்டியே சோதிக்கும்படி அமெரிக்க வழிகாட்டி சொல்கிறது. மூன்று ஆண்டுகள் விட்டு விட்டாவது சாப்பிட்டும் உங்கள் அப்பாவுக்குத் தடிப்பு வராதது ஓரளவு ஆறுதல். முழு உத்தரவாதம் இல்லை, அதனால் மெதுவாகவே ஏற வேண்டும்.

இந்த மருந்தின் வரலாற்றில் ஒரு சிறு கிளைக்கதை உண்டு. பயனுள்ளது என்பதால் சொல்கிறேன். கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் (1988-இல் நோபல் பெற்றவர்கள்) இதை முதலில் கௌட்டுக்காகத் தேடவில்லை. ரத்தப் புற்றுக்கான மெர்காப்டோபியூரின் என்ற மருந்து உடலில் சீக்கிரம் சிதைந்துபோவதைத் தடுக்கத் தேடினார்கள். அந்தச் சிதைவைச் செய்வதும் யூரிக் அமிலத்தை உண்டாக்குவதும் ஒரே நொதி. இன்றும் அசாதையோபிரின் (உடலில் மெர்காப்டோபியூரினாக மாறும், நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து) சாப்பிடுபவருக்கு யாராவது கவனிக்காமல் அல்லோபியூரினால் எழுதிவிட்டால், அந்த மருந்து சிதையாமல் தேங்கி எலும்பு மஜ்ஜையை முடக்கிவிடும். சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்குக் கௌட் வரும்போது இந்த விபத்து நடக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இது பொருந்தாது, படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம்.

அல்லோபியூரினால் ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்தது ஃபெபக்ஸோஸ்டாட். யூரிக் அமிலத்தை நன்றாகக் குறைக்கிறது. இதயத்தைப் பற்றித்தான் விவாதம் தீரவில்லை. 2018-இல் வந்த பெரிய ஆய்வில், ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களிடையே, அல்லோபியூரினால் எடுத்தவர்களைவிட இதில் இதய நோய் மரணங்கள் கூடுதலாக இருந்தன. அமெரிக்க அரசு எச்சரிக்கையும் விடுத்தது. ஆனால் அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மருந்தை இடையில் விட்டவர்கள். 2020-இல் ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வு அப்படிக் கூடுதல் எதையும் காணவில்லை. மாரடைப்பு வந்தவருக்கு இதை முதல் தேர்வாக நான் எழுத மாட்டேன். வேறு வழி இல்லாதவருக்கு, பேசிவிட்டு எழுதுவேன். மற்றவர்கள் வேறு மாதிரி முடிவெடுத்தாலும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

எதுவும் வேலை செய்யாத, கட்டிகளால் கை கால் முடங்கிப்போன நிலைக்குப் பெக்லோடிகேஸ் இருக்கிறது. நமக்கு இல்லாமல் போன யூரிக்கேஸ் நொதியையே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ரத்தக் குழாய் வழியே கொடுப்பது. அது வேலை செய்பவர்களுக்கு எண் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும்; ஆண்டுகளில் கரைய வேண்டிய கட்டி மாதங்களில் கரையும். ஆனால் பலருக்கு உடல் அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி, மருந்து பயனற்றுப் போகும், ஒவ்வாமையும் வரும். நோய் எதிர்ப்பை அடக்கும் மெத்தோட்ரெக்சேட்டைச் சேர்த்துக் கொடுத்தபோது நன்மை அடைந்தவர்கள் ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 71-க்கு உயர்ந்தார்கள். ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. முன்பே சோதிக்க வேண்டும். விலை மிகவும் அதிகம், எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. அல்லோபியூரினாலை ஒரு முறை கூட ஒழுங்காக உயர்த்திப் பார்க்காத உங்கள் அப்பாவுக்கு இது பற்றிய பேச்சு இப்போது வேண்டாம்.

நீங்கள் கேட்ட அறுவை சிகிச்சைக்கு வருகிறேன். கட்டி நரம்பை அழுத்தி விரல் மரத்துப்போனால், புண்ணில் கிருமி விடாமல் தங்கினால், மூட்டு இயங்கவே முடியாமல் இடித்தால், கத்தியை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதற்காகவும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்பதற்காகவும் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. கட்டி ஒரு பைக்குள் உருண்டையாக இருக்கும், கீறினால் மொத்தமாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். உண்மையில் அது தசைநாண்களுக்குள்ளும் தோலுக்குள்ளும் ஊடுருவிக் கிடக்கும். முழுவதும் வராது, மேலே இருக்கும் தோல் மெலிந்துபோயிருப்பதால் ஆறவும் தாமதமாகும். அறுவை அதிர்ச்சியே ஒரு தாக்குதலைக் கிளப்பும். எண் 8.2-லேயே நின்றால் அதே இடத்தில் மறுபடியும் படியும். அறுப்பதாகவே முடிவானாலும், யூரிக் அமிலத்தை இறக்கும் வேலை அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும்.

எவ்வளவு காலம் ஆகும் என்று அடுத்து கேட்பீர்கள். 5-க்குக் கீழே விடாமல் வைத்திருந்தால், சிறிய கட்டிகள் ஓராண்டுக்குள் மென்மையாகிச் சுருங்கலாம். பெரியவற்றுக்கு இரண்டு, மூன்று ஆண்டுகள், சில வேளை அதற்கும் மேல். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது, அதனால் மனம் தளரும். மரவேலை செய்யும் ஒரு நோயாளிக்கு உளி பிடிக்க முடியாத அளவுக்கு வலது கையில் கட்டிகள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெள்ளைத் தாளில் கையை வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, தேதியோடு யூரிக் அமிலத்தின் எண்ணையும் எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். முதல் இரண்டு தாள்களும் ஒன்று போலவே இருந்தன. என் மீது அவருக்கு இருந்த நம்பிக்கையும் அப்போது அந்த அளவில்தான் இருந்தது. மூன்றாவது தாளில் சுண்டுவிரலின் ஓரம் உள்ளே வந்தது. ஐந்தாவதில் உளியைப் பிடித்தார். ஆனால் ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு வளைந்தது வளைந்தபடியே இருக்கிறது. அங்கே எலும்பு போய்விட்டிருந்தது. உங்கள் அப்பாவின் விரல்களில் எது எந்த வகை என்று எக்ஸ்ரே ஓரளவு சொல்லும். இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேன் யூரேட்டைத் தனி நிறத்தில் காட்டும். பார்க்க வியப்பாக இருக்கும், ஆனால் கட்டி கண்ணுக்கே தெரியும்போது அது கட்டாயமில்லை.

கட்டிகள் கரைந்த பிறகு மருந்தை நிறுத்தலாமா என்றால், கூடாது. சிறுநீரகத்தின் இயல்பு மாறவில்லை. நிறுத்தினால் எண் ஏறும், மெல்ல மெல்லப் படிதல் மறுபடியும் தொடங்கும். இலக்கை மட்டும், 6-க்குக் கீழே இருந்தால் போதும் என்று தளர்த்திக்கொள்ளலாம். நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எண்ணை இலக்காக வைத்து மருந்தை உயர்த்துவதற்குப் போதிய சான்று இல்லை என்று 2017-இல் அமெரிக்கப் பொது மருத்துவர்களின் கல்லூரி கூறியது. மூட்டு மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை; அடுத்த ஆண்டே நாட்டிங்காம் முடிவுகள் வந்தன. ஆண்டுக்கு ஒரு தாக்குதல் வருபவரைப் பற்றி அந்த வாதத்தை நடத்தலாம். விரல் உடைந்து சுண்ணாம்பு வடியும் ஒருவரிடம் அந்த வாதத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து.

உணவு பற்றி நீளமாக எழுதப் போவதில்லை, ஏனென்றால் இந்தக் கட்டத்தில் அதன் பங்கு சிறியது. கடுமையான பத்தியம் கூட யூரிக் அமிலத்தை ஏறத்தாழ ஒரு புள்ளிதான் குறைக்கும். 8.2-இலிருந்து 5-க்குக் கீழே பத்தியத்தால் மட்டும் போக முடியாது. பயறு வகைகளும் காய்கறிகளில் உள்ள பியூரினும் கௌட்டைக் கூட்டுவதாகத் தெரியவில்லை, அவற்றைத் திரும்பக் கொடுங்கள். மது, குறிப்பாக பியர், சர்க்கரை சேர்த்த குளிர்பானங்கள், ஈரல் போன்ற உள்ளுறுப்பு இறைச்சி ஆகியவற்றைத் தவிர்ப்பது நல்லது. பட்டினி கிடப்பதும் உடலில் நீர் வற்றுவதும் தாக்குதலைக் கிளப்பும். எடை கூடுதலாக இருந்தால் மெதுவாகக் குறைக்கட்டும். செர்ரிப் பழம், வைட்டமின் சி என்று நிறையப் படிப்பீர்கள். அவை கட்டியைக் கரைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

உணவைவிட அவருடைய ரத்த அழுத்த மாத்திரையின் மீதுதான் எனக்குச் சந்தேகம். ஹைட்ரோகுளோரோதயசைடு போன்ற நீரிறக்கி அதில் சேர்ந்திருந்தால், அது யூரிக் அமிலத்தை ஏற்றும். பல கூட்டு மாத்திரைகளில் இது இரண்டாவது பெயராகச் சிறிய எழுத்தில் இருக்கும். லோசார்டன் அழுத்தத்தையும் குறைத்து யூரிக் அமிலத்தையும் சற்று இறக்கும். மாற்றலாமா என்பது அவருடைய இதயமும் பொட்டாசியமும் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது, தானாக நிறுத்திவிட வேண்டாம். அட்டையின் பின்புறத்தில் உள்ள பெயர்களை அப்படியே எழுதி அனுப்புங்கள். கடைசியாக எடுத்த பொட்டாசியம் அளவு தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். விரலில் சிவப்பு பரவினால் மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்காமல், முன்பு சொன்னபடி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.